ஊட்டியா, சென்னையா, அதையாவது சொல்

அன்பு மகனுக்கு,

நலம்தானே? போன கிழமையும் நீ போன் எடுக்கவில்லை. வேலை அதிகம் என்று தங்கச்சிக்கு மெசேஜ் போட்டிருந்தாய். முகூர்த்த மாதம், கொழும்பில் நீ படம் எடுக்கக் கல்யாண வீடுகள் நிறைய இருக்கும், எனக்கும் தெரியும். அதனால்தான் கடிதம். போனில் என்றால் "ம்", "சரிம்மா" என்று முடித்துவிடுவாய்.

உன் போட்டோகிராபி படிப்பு விஷயத்தை முதலில் சொல்கிறேன். நீ விட்டுப்போன பேப்பரில் எழுதியிருந்த கல்லூரிகளை எல்லாம் ஸ்டாஃப் ரூமில் சின்ன டீச்சரின் போனில் தேடிப் பார்த்தோம். இங்கே இலங்கையில் கெம்பஸ் வழி உனக்கு இனி இல்லை. உயர்தரத்தில் சித்திரம் எடுத்து, பெறுபேறு வந்த வருடமே விண்ணப்பித்திருந்தால் யாழ்ப்பாணத்திலோ, மட்டக்களப்புக் கல்லடியில் இருக்கும் சுவாமி விபுலானந்தா அழகியற் கற்கைகள் நிறுவகத்திலோ தமிழிலேயே காண்பியக்கலை படித்திருக்கலாம். நான் அப்போதே சொன்னேன். நீ அப்பா பேச்சைக் கேட்டு வர்த்தகப் பிரிவுக்குப் போனாய். சரி, அதை இப்போது கிளற வேண்டாம்.

சென்னை என்றால் எழும்பூர் பக்கத்து அரசு கவின் கலைக் கல்லூரி. 1850ல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற டாக்டர் தொடங்கியது. அதே மனுஷன்தான் 1856ல் மெட்ராஸ் போட்டோகிராபிக் சொசைட்டியையும் ஏற்படுத்தியவர். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இன்றைக்கு அங்கே இருப்பவை ஓவியம், சிற்பம், சுடுமண், துணி வடிவமைப்பு, விஷுவல் கம்யூனிகேஷன் மாதிரிப் பிரிவுகள். உன் வேலைக்குக் கிட்ட வருவது அந்தக் கடைசிப் பிரிவுதான். தரமணி திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு இருக்கிறது, அது சினிமாவுக்குப் போகிறவர்களுக்கு. கல்யாண வீட்டில்கூட நீ வீடியோவைத் தொடமாட்டாய், அங்கே போய் என்ன செய்வாய்? தேசிய வடிவமைப்பு நிறுவனமான என்.ஐ.டி.யில் புகைப்படம் முதுகலையாகத்தான் இருக்கிறது. முதலில் கையில் ஒரு பட்டம் வேண்டும்.

மிச்சம் ஊட்டி. லவ்டேலில் இருக்கும் அந்த லைட் அண்ட் லைஃப் அகாடமி. 2001ல் ஆரம்பித்த தனியார் பள்ளி, புகைப்படம் மட்டுமே சொல்லிக்கொடுக்கிறார்கள். அதன் கீழே நீ இரண்டு கோடு போட்டிருந்தாய். கட்டணம் எவ்வளவு, தங்குமிடம் சேர்த்தா, வெளிநாட்டுப் பிள்ளைக்கு விசா கடிதம் தருவார்களா, எதையும் நீ சொல்லவில்லை. படம் எடுக்கச் சொல்லிக்கொடுக்க நிறையப் பேர் இருக்கிறார்கள். நீ எடுத்துவந்த படத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து, இது ஏன் சரியில்லை என்று சொல்ல ஆள் இருக்கிறார்களா என்று கேள். முப்பது பிள்ளைக்கு ஒரு வாத்தியார் என்றால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாதா?

ஊட்டி என்றதும் அப்பா ஒன்றும் பேசவில்லை. காரணம் உனக்குத் தெரியும். பெரியத்தை ஊட்டிக்குப் பக்கத்துக் கோத்தகிரியில்தான் இருக்கிறார். 1964ல் இலங்கை, இந்தியா இரண்டு நாட்டுப் பிரதமர்களும் கையெழுத்துப் போட்டு, இங்கே இருந்த இந்திய வம்சாவளிச் சனத்தில் 5,25,000 பேரை அந்தப் பக்கம் என்று பிரித்தார்கள், அதில் பெரியத்தை குடும்பமும் போனது. ஹட்டனில் கோச்சி ஏறி, தலைமன்னாரில் கப்பல் ஏறி, போய்ச் சேர்ந்தது தமிழ்நாட்டு அரசின் டேன்டீ தேயிலைத் தோட்டத்துக்கு. இங்கே எடுத்த கொழுந்தைத்தான் அங்கேயும் எடுத்தார். அவர் முகம் நமக்கு நினைவிருப்பது பாஸ்போர்ட்டுக்கு எடுத்த அந்த ஒரு படத்தால்தான். அப்பா அதைப் பைபிளுக்குள் வைத்திருக்கிறார், தெரியும்தானே. படிக்கப் போகிறவன் திரும்பி வருவான் என்று நான் சொன்னேன். அவர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

போன மாதம் தரம் எட்டுப் பிள்ளைகளைப் பொகவந்தலாவை செயின்ட் மேரீஸ் கோயிலுக்குக் கூட்டிப்போனேன். அங்கேதான் அந்தக் காலத்துப் பெரிய போட்டோக்காரர் ஜூலியா மார்கரெட் கமரன் அம்மாவின் கல்லறை. 48 வயதில் மகளும் மருமகனும் ஒரு கமரா வாங்கிக்கொடுத்துத்தான் அவர் படம் எடுக்கவே தொடங்கினார், 1863ல். 1879ல் இந்தப் பக்கத்துத் தோட்டத்திலேயே கண்ணை மூடினார். உலகம் முழுக்கப் பேர் பெற்றவர் நம் டவுனில் படுத்திருக்கிறார் என்றதும் பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். ஒரு பொடியன் மட்டும், "அவங்க எடுத்த தோட்டத்து ஆக்களோட பேர் என்ன டீச்சர்?" என்று கேட்டான். என்னிடம் பதில் இல்லை. அவர் சிலோனில் எடுத்த படங்களில் நிற்கும் கூலிக்காரர்களின் பேரை யார் எழுதிவைத்தார்கள்? உன் பழைய படங்களுக்குப் பின்னால் நீ பேர், டிவிஷன், திகதி எழுதுவாயே, அதை நினைத்தேன். பெருமையாகத்தான் இருந்தது. எங்கே படித்தாலும் அந்தப் பழக்கத்தை விடாதே.

தங்கச்சி ஓ.எல். நன்றாக எழுதியிருக்கிறாள். மேல் டிவிஷன் ரோட்டில் மறுபடி மண் சரிந்தது, நம் லயத்துக்கு ஒன்றும் இல்லை.

கமராவைப் பத்திரமாக வை. வெள்ளவத்தையில் கடல் காற்று, உப்பு ஏறும். லென்ஸில் பூஞ்சணம் பிடித்தால் துடைத்தாலும் போகாது என்று நீதான் எனக்குச் சொன்னாய். சிலிக்கா ஜெல் பொட்டலத்தை மாற்று. இங்கே மழை நாளில் எப்படிச் செய்வாயோ அப்படி மூடியுள்ள டப்பாவில் வை. அப்பாவின் ஈ.பி.எஃப். பணம் அது என்று நான் சொல்லிக்காட்டவில்லை, ஒரு நாளும் சொன்னதில்லை. துடைத்து வை, அவ்வளவுதான்.

உன் மாமா மகன் போனில் ஒரு விளம்பரம் காட்டினான். பழைய கமரா, விற்பனைக்கு. தோள்பட்டி அறுந்த இடத்தில் நீல நூலால் தைத்திருந்தது. நீல நூல் எல்லார் வீட்டிலும்தான் இருக்கும். போட்டிருந்த விலை மிகவும் குறைவு. அது யாருடையதோ, அந்தப் பிள்ளைக்கு என்னவோ அவசரம். வாடகையாக இருக்கலாம், கடனாக இருக்கலாம், ஊட்டிக்குக் கட்டவேண்டிய முதல் பணமாகவும் இருக்கலாம். கமராவை விற்று அந்தக் காசில் போட்டோகிராபி படிக்கப் போகிறவன் முதல் நாள் வகுப்புக்கு எதைத் தூக்கிக்கொண்டு போவான்? விண்ணப்பத்தோடு புதிய படங்கள் அனுப்பச் சொன்னால் எதால் எடுப்பான்? அந்தப் பிள்ளைக்கும் ஒரு அம்மா இருப்பாள்தானே, அவளிடம் கேட்டிருக்கலாம் என்று மாமா மகனிடம் சொன்னேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

அப்பாவுக்கு அந்த விளம்பரம் தெரியாது.

கண்டியில் இருக்கும் இந்திய உதவி உயர் ஸ்தானிகர் அலுவலகத்தில் புலமைப்பரிசில் விவரம் கேட்டு வை. எந்தக் கல்லூரிகளுக்குச் செல்லும் என்று முதலில் கேள், தனியார் பள்ளிக்குக் கிடைக்குமா என்பதையும் கேள். வெட்கப்படாதே. தோட்டத்துப் பிள்ளைக்கு அந்த வாசலில் நிற்க உரிமை இருக்கிறது.

வெள்ளிக்கிழமை சீட்டுக் கூடுகிறது. இந்த முறை நான் கேட்டால் தருவார்கள், கழிவு கொஞ்சம் போகும், பரவாயில்லை. கூரைத் தகரம் அடுத்த வருடம் மாற்றலாம். அந்தப் பணம் பள்ளிக்கூடத்துக்கா, வேறு எதற்குமா என்று எனக்குத் தெரியவேண்டும், அதற்காகத்தான் கேட்கிறேன். வெள்ளிக்கு முன் போன் எடு. வீட்டுக்கு எடுக்க வேண்டாம், அப்பா பக்கத்தில் இருப்பார். பத்தரைக்கு இடைவேளை, ஸ்டாஃப் ரூமில் நான் தனியாகத்தான் இருப்பேன்.

அம்மா