ஆன்ட்வெர்ப்பிலிருந்து மாமாவுக்கு

ஆன்ட்வெர்ப், பெல்ஜியம்

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். அங்கே அத்தை, தம்பி எல்லோரும் நலமா? "நாமும் கல்தான் தீட்டுகிறோம், அங்கேயும் கல்தான் தீட்டுகிறார்கள், அப்படி என்ன வித்தியாசம்?" என்று கேட்டீர்கள். போனில் சொல்லி மாளாது.

வைரத் தெரு சென்ட்ரல் ஸ்டேஷனை ஒட்டியே இருக்கிறது. எந்நேரமும் காவல். வியாபாரிகளில் பெரும்பாலோர் யூதர்களும் குஜராத்தின் பாலன்பூர்க்காரர்களும்தான். சனிக்கிழமை யூதர்களின் ஓய்வு நாள், பல கதவுகள் திறக்காது. எவ்வளவு பெரிய பேரமும் "மசால்" (அதிர்ஷ்டம்) என்று சொல்லிக் கைகுலுக்கினால் முடிந்தது, அப்புறம் பேச்சு மாறக் கூடாது. வியாபாரம் இருக்கிறதே தவிர, தீட்டும் சக்கரங்கள் குறைந்துவிட்டன. சின்னக் கல்லெல்லாம் சூரத்துக்குப் போய்விட்டது. பெரிய கல், சிக்கல் பிடித்த கல்தான் இங்கே தங்குகிறது.

திருச்சியில் நீங்கள் தீட்டும் அமெரிக்கன் டைமண்ட், அந்தச் செயற்கைக் கல், எந்தப் பக்கம் திருப்பி வைத்தாலும் தேயும். வைரம் அப்படித் தேயாது. திசைக்குத் திசை அதன் கடினம் வேறு. நல்ல கரட்டுக் கல், அதாவது இன்னும் தீட்டாத கல், எட்டு முகத்தோடு, மேலும் கீழும் கூர்ந்து இருக்கும். அந்த முகங்களுக்கு நேர் இணையாகச் சக்கரத்தில் வைத்தால் நாள் முழுக்க ஓட்டினாலும் பட்டை விழாது. சில டிகிரி சாய்த்தால் பிடிக்கும். தேய்ப்பதும் வைரத் தூள்தான். தூளில் மணிகள் கண்டபடி கிடப்பதால் கடினமான முனைகள் சில எப்போதும் மேலே நிற்கும். கல்லின் இளகின திசையை அவை தின்னும்.

சக்கரம் வார்ப்பிரும்பு, ஏறக்குறைய ஓரடி விட்டம், நிமிடத்துக்குச் சுமார் 3,000 சுற்று. ஆலிவ் எண்ணெயில் தூளைக் குழைத்து மேலே தேய்த்துவிடுவார்கள். வார்ப்பிரும்பின் நுண்துளைகள் தூளைப் பிடித்துக்கொள்ளும். கல்லை ஒட்டிப் பிடிக்கும் நம் அரக்குக் குச்சி இந்தச் சூட்டுக்கு நிற்காது. கல்லை உலோகப் பிடியில் இறுக்குகிறார்கள். திசை தவறினால் சத்தமே மாறிவிடும். அதைக் கேட்டும் அழுத்தினால் சக்கரத்தில் கோடு விழும், பட்டை வெந்து வெளிறிப்போகும். மறுபடி தேய்த்துத்தான் எடுக்க வேண்டும், எடை போகும்.

அதற்கு முன்னால் திட்டம் போடுவதுதான் பெரிய வேலை. உள்ளே கறை எங்கே, கீறல் எங்கே என்று பார்த்து, எங்கே அறுத்தால் எடை மிஞ்சும் என்று கணக்கிடுவார்கள். இப்போது பெரும்பாலும் லேசர் அறுவை. பழைய முறைப்படி வைரத் தூள் பூசிய மெல்லிய வெண்கலத் தகட்டில் அறுத்தால் ஒரு காரட் கல்லுக்கே மணிக்கணக்கில் ஆகும். உள்ளே இறுக்கம் இருக்கும் கல் பாதி அறுவையில் வெடித்துவிடும். அதற்கு மருந்து கிடையாது. வட்டக் கல் தீட்டினால் கரட்டுக் கல்லில் பாதி எடை தூளாகப் போவது சகஜம்.

முதல் ஆள் மேல்தட்டு (உச்சியில் இருக்கும் தட்டையான முகம்) 1, மேலே 8, கீழே 8 என 17 பட்டை போடுவார். அடுத்தவர் மீதி 40ஐயும் போட்டு 57 ஆக்குவார். இந்த ஊரில் பிறந்த மார்செல் டோல்கோவ்ஸ்கி 1919இல் கணக்குப் போட்டுச் சொன்ன கோணம்: மேலே 34.5 டிகிரி, கீழே 40.75. கீழ்ப்பக்கம் ஆழம் குறைந்தால் மேல்தட்டுக்குள் வெள்ளை வளையம் தெரியும். கூடினால் நடுவில் கறுப்பு. மேல்பக்கமும் கீழ்ப்பக்கமும் சேரும் இடுப்பு விளிம்பு மெலிந்தால் பதிக்கும்போது சில்லு பெயரும். 0.97ஐ 1.00 காரட் ஆக்க வேண்டும் என்று விளிம்பைத் தடிமனாக விடுகிறவர்களும் உண்டு. காசு போகிறது, ஒளி வருவதில்லை. என்னைக் கேட்டால் அந்தக் கல்லை வாங்கவே கூடாது.

அத்தையின் ஏழு கல் தோட்டை "ப்ளூ ஜாகர்" என்ற உயர்ந்த ரக வைரம் என்கிறீர்கள். பழைய காலத்துக் கல் என்றால் இருக்கலாம். அந்தப் பெயர் வந்த தென்னாப்பிரிக்காவின் யாகர்ஸ்ஃபொன்டைன் சுரங்கத்தை 1971இலேயே மூடிவிட்டார்கள். இப்போது கடையில் அந்தப் பெயர் சொன்னால் நம்பிக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். வைரத்தில் எண்ணெய்ப்பசை சட்டென்று ஒட்டும். கல்லின் பின்பக்கத்தை மூடிப் பதித்த கட்டடத்தில் அங்கே அழுக்கு சேர்ந்தால் கல் மங்கும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து மெல்லிய பிரஷ்ஷால் தேய்த்தால் வெளி அழுக்கு போகும். கட்டடத்துக்குள் போனதைப் பத்தர்தான் எடுக்க வேண்டும். தோடு உடைந்து பத்தரிடம் பற்றவைக்கக் கொடுத்தால் கல்லைக் கழற்றிவிட்டுச் செய்யச் சொல்லுங்கள். 700 டிகிரிக்கு மேல் சூடேறினால் காற்றில் வைரத்தின் மேற்பரப்பு எரிந்து வெளுக்கும்.

தம்பியின் கிரானைட் பிளேடு அறுக்காமல் வழுக்குவதாகச் சொன்னான். அதில் இருப்பதும் வைரம்தான், ஆனால் ஆலையில் செய்தது. ஜெனரல் எலெக்ட்ரிக் 1954இல் செய்து காட்டியதிலிருந்து வளர்ந்த தொழில். பிளேடின் பல்லில் வைர மணிகளைப் பிடித்திருக்கும் உலோகம் தேய்ந்துகொண்டே போனால்தான் புது மணி வெளியே வரும். கிரானைட் போன்ற கெட்டிக் கல்லுக்கு இளகின உலோகப் பல் வேண்டும்; தார் ரோட்டுக்கான கெட்டி உலோகப் பிளேடைப் போட்டால் மணி மழுங்கி வழவழப்பாகிவிடும். சொரசொரப்பான செங்கல்லையோ மணற்கல்லையோ தண்ணீர் விட்டு நாலைந்து தடவை அறுத்தால் மறுபடி முனை திறக்கும். தண்ணீர் குறைந்தால் பற்றவைத்த பல் கழன்று பறக்கும், ஆபத்து. அம்புக்குறித் திசை மாறாமல் மாட்டச் சொல்லுங்கள். ஒவ்வொரு மணிக்கும் பின்னால் முட்டுக் கொடுக்கும் உலோகம் திசை மாறினால் தேய்ந்து மணி உதிரும். அதே பிளேடில் இரும்புக் கம்பி அறுக்கவே வேண்டாம். சூட்டில் வைரத்தின் கார்பன் இரும்பில் கரைந்துவிடும்.

பிளேடின் விட்டமும் மோட்டார் வேகமும் எவ்வளவு என்று எழுதி அனுப்பச் சொல்லுங்கள். இங்கே விசாரித்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
உங்கள் மருமகன்