வளவு வீட்டில் ஓர் இதயம்

காரைக்குடி

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. ஆச்சிக்கு மூட்டுவலி இப்போது தேவலை என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லாரும் சுகம். ஐப்பசி மழை நன்றாகப் பிடித்ததால் ஊருணி நிரம்பிக் கிடக்கிறது. எனக்குச் சர்க்கரை மட்டும் ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கிறது. மாத்திரையும் காலை நடையுமாக ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

பேரனை ஃபுளோரிடாவில் இருக்கிற டிஸ்னியின் எப்காட் பூங்காவுக்குக் கூட்டிப்போனதையும், அங்கே மனித உடம்பைப் பற்றிய 'வொண்டர்ஸ் ஆஃப் லைஃப்' மண்டபத்தின் தங்கநிறக் குவிமாடம் பூட்டிக் கிடந்ததையும் எழுதியிருந்தாயே, அந்தப் பக்கத்தை இரண்டு தடவை படித்தேன். "இதுக்குள்ள என்ன இருந்துச்சு ஐயா?" என்று அவன் கேட்டதற்கு உனக்குச் சரியாகச் சொல்ல வரவில்லையாம். 1995-ல் நான் வந்தபோது நாம் இரண்டு பேரும் ஒரு பகல் முழுக்க அதற்குள்தானே கிடந்தோம்! எனக்கு எல்லாம் நினைவிருக்கிறது. அவனுக்கு இதைப் படித்துக் காட்டு.

ஒரு பெட்டிக்குள் நாற்பது பேரை உட்காரவைத்துக் கதவைச் சாத்தினார்கள். நம்மைச் சுருக்கி, ஒருவர் தோலில் தைத்த சிராய் இருக்கும் இடத்துக்கு அனுப்புவதாகக் கதை. அங்கே வெள்ளையணுக்கள் திரண்டு நிற்கும். பிறகு இரத்த ஓட்டம் இழுத்துக்கொண்டு போய் இதயம், நுரையீரல், மூளை என்று சுற்றிவரும். பெட்டி நகரவே இல்லை, திரையில் ஓடுகிற படத்துக்குத் தக்கபடி ஆடியது, அவ்வளவுதான். ஆனாலும் நீ வெளியே வந்ததும் கம்பியைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிஷம் நின்றாய். இன்னொரு அரங்கில் பன்னிரண்டு வயசுப் பையன் ஒருவனின் மண்டைக்குள் நம்மை உட்காரவைத்தார்கள். அவன் மூளையை ஓட்டுவது ஒரு குட்டிச் சிப்பாய் பொம்மை. பையன் காலைப் பலகாரம் சாப்பிடாமல் பள்ளிக்கு ஓடுவான், வயிறு முறையிடும், இதயம் பதறும், அட்ரினல் சுரப்பி கூச்சல் போடும். 'சாப்பிடாமல் வகுப்புக்கு வராதே' என்று முப்பது வருஷம் சொல்லிப் பார்த்தவன் நான். அந்தப் பொம்மை இருபது நிமிஷத்துக்குள் அதைக் காட்டிவிட்டதைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருந்தது.

1989 அக்டோபரில் திறந்த மண்டபம் அது. மெட்லைஃப் என்கிற காப்பீட்டு நிறுவனம் பணம் கொடுத்து ஆதரித்தது. 2001-ல் அவர்கள் விலகிய பிறகு கவனிப்பு குறைந்தது. 2004-லிருந்து கூட்டம் வரும் மாதங்களில் மட்டும் திறந்தார்கள், 2007 புத்தாண்டோடு மூடிவிட்டார்கள். அப்புறம் பல வருஷம் சாப்பாட்டுத் திருவிழாவுக்கு இடமாக இருந்தது. 2019-ல் விளையாட்டுக் கூடமாக மாற்றப்போவதாக அறிவித்தார்கள். அதுவும் அறிவிப்போடு நின்றது.

'பாடம் என்றால் பிள்ளைகள் வரமாட்டார்கள், இனி யாரும் அதில் பணம் போட மாட்டார்கள்' என்று நீ எழுதியிருப்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. பாடத்துக்குப் பயந்து பிள்ளைகள் ஓடுவதில்லை, திட்டுக்குத்தான் ஓடுகிறார்கள். அதே எப்காட்டில் 2012-ல் நல்ல பழக்கம் சொல்லிக்கொடுக்க ஒரு காட்சியகம் வைத்தார்கள். அதில் வில்லன்களாகக் குண்டானவர்களையும் சோம்பேறிகளையும் காட்டியதால், பருமனான பிள்ளைகளை அவமானப்படுத்துகிறது என்று மருத்துவர்களே கண்டித்தார்கள். சில வாரங்களில் மூடி, மாற்றி அமைத்து, அடுத்த வருஷம் திறந்தார்கள். உடம்பைப் பார்த்து ஆச்சரியப்பட வேண்டிய பிள்ளையைத் தன் உடம்புக்காகக் கூசவைத்தால் அவன் எப்படி மறுபடி வருவான்?

பணத்துக்கும் ஒரு பதில் இருக்கிறது. ஃபிலடெல்ஃபியாவில் ஃபிராங்க்ளின் இன்ஸ்டிடியூட்டில் ஆள் நுழைந்து நடக்கிற மாதிரி ஒரு பெரிய இதயம் உண்டு. 1954-ல் தற்காலிகக் காட்சியாகத்தான் கட்டினார்கள். சாமான் என்ன தெரியுமா? மரம், கம்பிவலை, காகிதக்கூழ். இடையிடையே பழுதுபார்த்து, புதுப்பித்து, எழுபது வருஷம் தாண்டியும் பிள்ளைகள் அதற்குள் ஏறி இறங்குகிறார்கள். காகிதத்தை ஊறப்போட்டு, வெந்தயம் சேர்த்து உரலில் இடித்து நம் அப்பத்தாக்கள் கூடை செய்வார்களே, அதே கூழ்.

இதெல்லாம் ஏன் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன் என்றால், தை மாதம் நானே ஒன்று செய்து பார்த்தேன்.

முன்னோர்களுக்குப் படைக்கிற எங்கள் படைப்புக்குப் பழைய வீட்டைத் திறந்திருந்தோம். மதியச் சாப்பாடு முடிந்து பிள்ளைகள் ஆளுக்கொரு போனை வைத்துக்கொண்டு முற்றத்தைச் சுற்றிய வளவில் படுத்துக் கிடந்தார்கள். நான் முகப்பில் உட்கார்ந்து உள்ளே பார்த்தேன். வாசலிலிருந்து பின்தெருக் கதவு வரைக்கும் நிலை நிலையாக ஒரே நேர்கோடு, நடுவில் வானம் பார்த்த முற்றம். உனக்குத் தெரியாதா அந்த வீடு. சட்டென்று தோன்றியது, இது இதயத்தின் படமே ஆச்சே!

பிள்ளைகளை எழுப்பினேன். முகப்பு இதயத்தின் வலது மேலறை, அதை அடுத்த கூடமான பட்டாலை வலது கீழறை, முற்றம் நுரையீரல், இரண்டாம் கட்டு இடது மேலறை, அடுப்படிக் கட்டு இடது கீழறை. பின்வாசல் வழியாக வெளியேறித் தெருவோடு வீட்டைச் சுற்றி மறுபடி முகப்புக்கு வந்தால், அதுதான் உடம்பு. பந்தல் போட வாங்கிய காகிதத்தில் நீலத் துண்டும் சிவப்புத் துண்டும் கிழித்துக் கொடுத்தேன்; நீலம் ஆக்ஸிஜன் குறைந்த இரத்தம், சிவப்பு ஆக்ஸிஜன் நிறைந்த இரத்தம். நீலத்தோடு வருகிறவன் முற்றத்தில் அதைப் போட்டுவிட்டுச் சிவப்பு எடுக்க வேண்டும். தெருமுனையில் 'கால்' என்று உட்கார்ந்திருந்த சின்னவளிடம் சிவப்பைக் கொடுத்து நீலம் வாங்க வேண்டும். நான்கு கதவுக்கு நான்கு பேர் வால்வு. முற்றத்திலிருந்து இரண்டாம் கட்டுக்குள் நுழைகிற கதவுக்கு மட்டும் ஆள் போடவில்லை, இதயத்தில் அந்த இடத்தில் வால்வு கிடையாது. நான் தாம்பாளத்தைத் தட்டத் தட்டக் கதவுகள் திறந்து மூடின.

அரைமணி நேரம் ஒரே ஓட்டம். அடுப்படிக் கட்டு வாசலில் நின்ற பையன் வேடிக்கை பார்த்துக்கொண்டு கதவைச் சாத்த மறந்துவிட்டான். தட்டியதும் உள்ளே இருந்தவர்களில் பாதிப்பேர் பின்னாலேயே இரண்டாம் கட்டுக்குள் திரும்பி ஓடிவர, எதிரே வந்தவர்களோடு மோதி ஒரே நெரிசல். "இதுதான் வால்வு ஒழுகுவது. உள்ளே போன இரத்தம் திரும்பி வந்துவிடும். அதே வேலைக்கு இதயம் கூடுதலாக அடிக்க வேண்டியிருக்கும், ஆளுக்கு மூச்சு வாங்கும்" என்றேன்.

தூணோரம் பாயில் உட்கார்ந்திருந்த பெரிய ஆச்சி, எண்பது வயசு, என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார்கள். "எனக்கு வால்வு ஒழுகுதுன்னு பன்னெண்டு வருஷமா மாத்திரை குடுக்கிறாக. இதுதானாப்பா அது?" என்று கேட்டார்கள். ஆமாம் ஆச்சி என்றேன். அந்தக் கதவையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்புறம் அந்தப் பையனைப் பக்கத்தில் உட்காரவைத்து அவன் கையை எடுத்துத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டார்கள். பன்னிரண்டு வருஷம் மாத்திரை கொடுத்தவர்களில் ஒருவர்கூட ஒரு கதவைக் காட்டிச் சொல்லவில்லையே என்று எனக்குத் தொண்டை அடைத்தது.

நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை வியாதி என்று 2023-ல் வந்த ஆய்வு சொல்கிறது. நம் பக்கத்தில் எந்த வளவில் நாலு பேர் உட்கார்ந்தாலும் ஒருவராவது மாத்திரை டப்பாவைத் திறக்கிறார்கள். இன்சுலின் சுரக்கிற கணையம் எங்கே இருக்கிறது என்று கேட்டால் கை வைக்கத் தெரியாது. எப்காட் அந்த மண்டபத்தை மறுபடி திறந்தால் மிகவும் சந்தோஷப்படுவேன், உன் பேரன் அந்தப் பெட்டியில் உட்கார வேண்டும். ஆனால் அதுவரைக்கும் நாம் காத்திருக்க வேண்டாம்.

உன் வீடு பூட்டியே கிடக்கிறது. இரண்டு தெருவையும் தொடுகிற வீடு, முற்றமும் எங்கள் வீட்டைவிடப் பெரிது. அடுத்த கோடை லீவில் ஒரு மாதம் கொடு. முற்றத்தில் காகிதக்கூழில் நுரையீரல் செய்யலாம், சாந்து பூசுகிற கொத்தனார் ஒருவர் கைகொடுக்க ஒப்புக்கொண்டிருக்கிறார். இரண்டாம் கட்டில் குடலை அதன் முழு நீளத்துக்குக் கயிறாகக் கட்டி வளைய வளையத் தொங்கவிட வேண்டும். கணையத்துக்கு என்ன செய்வது என்று இன்னும் பிடிபடவில்லை, சாவி பூட்டை வைத்து இன்சுலினைக் காட்ட முடியுமா என்று யோசிக்கிறேன். பள்ளிப் பிள்ளைகளுக்குக் காசு வாங்கக் கூடாது.

வீட்டில் ஏழு புள்ளிக்கு, அதாவது ஏழு குடும்பத்துக்கு, பங்கு இருக்கிறது என்பது தெரியும். கோயம்புத்தூர்ப் பங்காளியிடம் முதலில் நீ பேசு, அவர் சரி என்றால் மற்றவர்களிடம் நான் போய்க் கேட்கிறேன். பின்தெருக் கதவின் தாழ்ப்பாள் துருப்பிடித்துப் போயிருக்கிறது, அதை இந்த வாரமே ஆசாரியிடம் காட்டிவிடுகிறேன். வரும்போது நல்ல ஸ்டெதஸ்கோப் இரண்டு வாங்கி வா.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்