கோசாம்பி கணக்கை விடவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

டி.டி. கோசாம்பி பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை விரும்பிப் படித்தேன். ஆனால் 'கணிதத்தை விட்டு வரலாற்றுக்கு வந்தவர்' என்று ஒரே வரியில் தாண்டிப் போயிருப்பதை ஏற்க முடியவில்லை. கணக்கைக் கையோடு கொண்டுதான் அவர் வரலாற்றுக்குள் நுழைந்தார்.

இன்று பாகிஸ்தானில் இருக்கும் பழைய நகரமான தட்சசீலத்துப் புதையல்களில் கிடைத்த வெள்ளி முத்திரைக் காசுகளையே எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றில் அரசன் பெயர் கிடையாது, ஆண்டும் கிடையாது. சூரியன், மரம், யானை என்று வெறும் குறிகள்தான். கோசாம்பி அவற்றை ஒவ்வொன்றாகத் தராசில் வைத்து எடை போட்டார். கைமாறக் கைமாறக் காசு தேயும். நெடுங்காலம் புழங்கிய காசுகளின் சராசரி எடை குறையும்; காசுக்குக் காசு எடை வித்தியாசமும் கூடும். இது சரிதானா என்று பார்க்கத் தன் காலத்தில் புழக்கத்தில் இருந்த காசுகளையும் எடை போட்டிருக்கிறார். பிறகு அந்தக் கணக்கை வைத்தே புதையலில் எது முந்தியது, எது பிந்தியது என்று வரிசைப்படுத்தினார். புராணங்களின் வம்சப் பட்டியலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த துறையில் இது லேசுப்பட்ட காரியமா?

தாவர மரபியல் பாடம் நடத்தியவன் என்பதால் இன்னொன்றையும் சொல்லத் தோன்றுகிறது. குரோமோசோமில் இரண்டு மரபணுக்கள் எவ்வளவு தள்ளி இருக்கின்றன என்று கணிக்க 1944-இல் அவர் தந்த சூத்திரம், அவர் பெயரிலேயே இன்றும் புழங்குகிறது. நெல்லுக்கு மரபணு வரைபடம் போடுகிற மாணவர்கள் மென்பொருளில் 'கோசாம்பி' என்பதைத் தேர்வு செய்வார்கள். வரலாறு எழுதிய கோசாம்பியும் இவரேதான் என்றால் நம்ப மாட்டார்கள். தற்செயலாக மாறும் அளவுகளை எளிய சார்புகளின் கூட்டாகப் பிரித்துக் காட்டும், காருனென், லோயெவ் என்ற கணிதவியலாளர் இருவர் பெயரில் வழங்கும் தேற்றத்தை அவர்களுக்கு முன்பே, 1943-இல், இந்தியக் கணிதவியல் கழக இதழில் எழுதியவரும் அவர்தான். ராமானுஜனின் முதல் கட்டுரை 1911-இல் வெளிவந்த அதே இதழ்.

பகா எண்களின் பரவலோடு தொடர்புடைய, இன்றும் நிரூபிக்கப்படாத ரீமான் கருதுகோளை நிரூபித்துவிட்டதாக அவர் சொன்னது எடுபடவில்லை. அந்தக் கட்டுரையை வேளாண் புள்ளியியல் இதழில் போட்டது, என்னைக் கேட்டால், வீண் பிடிவாதம். கணிதக்காரர்கள் மத்தியில் அவர் பெயர் கெட்டதற்கு அதுவும் ஒரு காரணம். 1962-இல், அவர் வேலை பார்த்த பம்பாய் டாடா ஆய்வு நிறுவனம் அவருடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காததற்கு அணுசக்தி எதிர்ப்பு ஒன்றையே காரணமாகச் சொல்லிவிட்டு, கட்டுரையாளர் இதைப் பூசி மெழுகியிருக்க வேண்டாம்.

காசு ஆய்வைப் பற்றிப் படங்களோடு தனியாக ஒரு கட்டுரை போடுங்கள். அவர் புனேயிலிருந்து பம்பாய்க்கு டெக்கான் குயின் ரயிலில் போய்வந்த கதைக்கு ஒரு பக்கம் தந்தவர்கள், அந்தத் தராசுக்கு அரைப் பக்கமாவது தரலாமே.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர்,
கோயம்புத்தூர்.