அவர் என்னதான் கண்டுபிடித்தார்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் ஒரு மருத்துவ ஆய்வாளரைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருந்தீர்கள். எத்தனை ஆய்வுக்கட்டுரைகள், அவற்றுக்கு எத்தனை மேற்கோள்கள் (அதாவது மற்ற ஆய்வாளர்கள் தங்கள் கட்டுரைகளில் எத்தனை முறை அவற்றைச் சுட்டினார்கள்), இரண்டையும் சேர்த்துப் போடும் எச்-இன்டெக்ஸ் என்ற கணக்கு எவ்வளவு, எல்லாம் இருந்தது. அவர் எந்த நோயை ஆராய்கிறார், என்ன கண்டுபிடித்தார் என்று திரும்பத் திரும்பத் தேடிப் பார்த்தேன், ஒரு வரிகூட இல்லை. மனசு கேட்காமல்தான் இதை எழுதுகிறேன். அவர் உண்மையிலேயே பெரிய ஆளாக இருக்கலாம், ஆனால் அந்த எண்களை மட்டும் வைத்து அதைச் சொல்லிவிட முடியாது.

நான் உயிர்வேதியியல் ஆய்வகத்தில் பல வருடம் வேலை பார்த்தவள். லோரி முறையில் புரதத்தை அளப்பது எனக்குத் தினசரி வேலை. செம்பு கலந்த காரக்கரைசலை ஊற்றிப் பத்து நிமிடம் வைத்து, அப்புறம் ஃபோலின் திரவத்தை விட்ட கையோடு குழாயைக் கலக்கிவிட வேண்டும், கொஞ்சம் தாமதித்தாலும் அளவு தப்பிவிடும். அரை மணி நேரத்தில் நீலம் ஏறும். புரதம் எவ்வளவு கூடுதலோ அவ்வளவு அடர்ந்த நீலம். ஆலிவர் லோரியும் உடன் உழைத்தவர்களும் 1951இல் வெளியிட்ட அந்தக் கட்டுரை மூன்று லட்சத்துக்கும் அதிகமான முறை மேற்கோள் காட்டப்பட்டிருக்கிறது, அறிவியல் உலகிலேயே முதலிடம். அது எந்த நோய்க்கும் காரணம் சொன்னதில்லை, ஒரு அளவுமுறை, அவ்வளவுதான். எங்கள் கட்டுரைகளிலும் 'புரதம் லோரி முறையில் அளக்கப்பட்டது' என்று ஒரு வரி வரும், பக்கத்தில் அந்தக் கட்டுரையைக் குறிக்கும் ஒரு எண், அதோடு லோரியின் கணக்கில் ஒன்று கூடிவிடும். அந்த முறையின் அருமை எனக்குத் தெரியும். ஆனால் மேற்கோள் என்பது பல சமயம் இவ்வளவுதான்.

இன்னொரு பக்கம், தட்டம்மை தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப் போட்டு 1998இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்த கட்டுரை. அதில் இருந்தது 12 குழந்தைகள். 2010இல் இதழே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அதுவும் ஆயிரக்கணக்கில் மேற்கோள் வாங்கிய கட்டுரைதான், அதில் எத்தனையோ பேர் 'இது தவறு' என்று சொல்வதற்காகவே காட்டியவர்கள். எண்ணிக்கையில் கண்டனமும் ஒன்று, பாராட்டும் ஒன்று.

எச்-இன்டெக்ஸ் 2005இல் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் முன்வைத்த கணக்கு. தலா 20 மேற்கோளாவது வாங்கிய 20 கட்டுரைகள் இருந்தால் 20. வாழ்நாளில் ஐந்தே கட்டுரை எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஆயிரம் மேற்கோள் வந்தாலும் அவருக்கு 5தான், அதற்கு மேல் ஏறவே ஏறாது. மருத்துவ ஆய்வில் இன்னொரு சங்கதியும் உண்டு. கட்டுரையை எழுதியவர்களின் பெயர்ப் பட்டியலில் முதலில் இருப்பவர் பெரும்பாலும் ஆய்வக மேசை முன் நின்று சோதனை செய்தவர், கடைசியில் இருப்பவர் ஆய்வகத் தலைவர். நடுவில் இருக்கும் பதினைந்து பேரில் ஒருவர் மாதிரிகளை மட்டும் அனுப்பியிருக்கலாம். மேற்கோள் எல்லோருக்கும் முழுதாக ஏறும். உங்கள் கட்டுரையில் சொன்ன அத்தனை ஆய்வுகளிலும் அவர் பெயர் எந்த இடத்தில் இருந்தது?

காட்டலின் கரிக்கோ என்ற உயிர்வேதியியலாளரை நினைத்தால் எனக்கு இன்னும் வருத்தமாக இருக்கும். எந்தப் புரதத்தைச் செய்ய வேண்டும் என்று செல்லுக்குச் சொல்லும் எம்ஆர்என்ஏவில் ஒரு சிறு மூலக்கூறை மாற்றி வைத்தால் உடல் அதை எதிரியாகப் பார்ப்பது குறைகிறது என்று அவரும் ட்ரூ வைஸ்மனும் 2005இல் எழுதியபோது பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. அதற்கும் பத்து வருடம் முன்பே, ஆய்வுக்குப் பணம் கிடைக்காத நிலையில், பல்கலைக்கழகத்தில் அவர் பதவி இறக்கப்பட்டிருந்தார். அதே வேலைதான் எம்ஆர்என்ஏ வகைக் கோவிட் தடுப்பூசிகளுக்கு அடிப்படையானது, 2023இல் நோபல் பரிசும் வந்தது. 2006இல் அவருடைய எண்களை மட்டும் பார்த்து உங்கள் இதழ் இரண்டு பக்கம் ஒதுக்கியிருக்குமா? எனக்கு நம்பிக்கை இல்லை.

எண்களே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, ஒரு மூலையில் போடுங்கள். மீதி இடத்தில் அவருடைய ஒரே ஒரு ஆய்வை எடுத்து, என்ன கேள்வி கேட்டார், எப்படிச் சோதித்தார், வேறு ஆய்வகத்தில் செய்து பார்த்தவர்களுக்கும் அதே விடை கிடைத்ததா என்று எழுதுங்கள், எங்களுக்குப் புரியும். அடுத்த இதழிலேயே அவரிடம் கேட்டுப் போட்டால் சந்தோஷப்படுவேன். அவர் என்ன கண்டுபிடித்தார் என்று தெரிந்துகொள்ள நிஜமாகவே ஆசையாக இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வகப் பணியாளர்