பாரதி பூங்காவில் பார்க்க ஒன்றுமில்லையா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கடந்த இதழின் புதுச்சேரி சுற்றுலாக் கட்டுரையில், 'பாரதி பூங்காவில் பார்க்கப் பெரிதாக ஒன்றுமில்லை. கடற்கரைக்குப் போகும் வழியில் சற்று இளைப்பாறலாம்' என்று வெளியிட்டிருக்கிறீர்கள். படித்தபின் அன்று முழுவதும் வேறு எதிலும் மனம் செல்லவில்லை.

தாங்கள் அறியாததா? 1761இல் ஆங்கிலேயர் இடித்துத் தள்ளிய பிரெஞ்சுக் கோட்டை இருந்த பகுதி அது. நடுவில் நிற்கும் வெண்ணிற ஆயி மண்டபம்தான் புதுவை அரசின் சின்னம். தன் மாளிகையைத் தானே இடித்துவிட்டு ஊருக்குக் குளம் வெட்டியவள் என்று சொல்லப்படும் தாசி ஆயியின் கதையை, என் தந்தை அந்த மண்டபத்தின் நிழலில் வைத்துத்தான் எனக்குச் சொன்னார். அந்தக் குளம் இருந்த முத்திரையர்பாளையத்துத் தண்ணீர் நகருக்கு வந்ததை ஒட்டி, பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் காலத்தில் அவள் நினைவாக எழுந்த மண்டபம். இதுவா ஒன்றுமில்லாதது?

இதே மண்டபத்தின் படத்துக்கு முன்பொரு முறை 'பிரெஞ்சு ஆளுநரின் நினைவிடம்' என்று குறிப்பு போட்டீர்கள். திருத்தம் கேட்டு எழுதினேன், வரவில்லை. பிறகு ஒருநாள் பூங்காவில் வெளியூர்க் குடும்பம் ஒன்று, தங்கள் இதழைக் கையில் வைத்துக்கொண்டு, "இது எந்த ஆளுநரின் சமாதி ஐயா?" என்று என்னிடமே கேட்டது.

பாரதிக்கும் இதே கதிதான். செப்டம்பர் பிறந்தால் எட்டயபுரம், திருவல்லிக்கேணி, கோயில் யானை. 1908 முதல் 1918 வரை அவர் வாழ்ந்த புதுவை ஒற்றை வரியில் முடிந்துவிடுகிறது. 'பாஞ்சாலி சபதம்', 'கண்ணன் பாட்டு', 'குயில் பாட்டு' எல்லாம் பிறந்த ஊர் ஐயா இது! முத்தியால்பேட்டைக் குயில் தோப்பைப் பற்றி நான் அனுப்பிய கட்டுரைக்குப் பதில்கூட இல்லை. பணியில் இருந்த காலத்தில் பிள்ளைகளை இந்தப் பூங்காவுக்கு அழைத்து வந்து, மரத்தடியில் அமர்த்திக் குயில் பாட்டைப் படிக்க வைப்பேன். அவர்களில் சிலர் இன்று தங்கள் சந்தாதாரர்கள். அந்த வரியை அவர்களும் படித்திருப்பார்களே என்பதுதான் எனக்குக் கூடுதல் வேதனை.

அடுத்த இதழில் நான்கு வரித் திருத்தம் போதும். மண்டபம் யார் நினைவாக எழுந்தது, பாரதிக்கும் இந்த ஊருக்கும் என்ன உறவு, அவ்வளவுதான். இடமில்லையென்றால் இக்கடிதத்தைச் சுருக்கியாவது வெளியிடுங்கள். எதை வெட்டினாலும் ஆயியின் பெயரை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
புதுச்சேரி.