சேகருக்கு: ரோமானியர்கள் விட்ட இடைவெளி

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் அறுவை நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. பிசியோதெரபிக்காரர் சொல்வதை ஒழுங்காகக் கேள். மாடிப்படி ஏறும் வீரமெல்லாம் அப்புறம் வைத்துக்கொள்ளலாம். இங்கே எல்லோரும் நலம். சின்னவளுக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்துப் போய்விட்டாள். சமையலறையில் என் கை ஓங்கியிருக்கிறது, வீட்டில் அதைப் பற்றி இருவேறு கருத்துகள் உண்டு.

படுத்தபடியே ரோமானியப் போர்களைப் பற்றிப் படிப்பதாக எழுதியிருந்தாய். நீ கேட்டது நியாயமான கேள்வி. சதுரங்கக் கட்டம் மாதிரி ஓர் அணிக்கும் அடுத்த அணிக்கும் நடுவே இடம் விட்டு நின்றார்களே, எதிரி அந்தச் சந்துக்குள் புகுந்துவிட மாட்டானா?

புகுந்தால் அவன்பாடு திண்டாட்டம். கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியஸ் விவரிக்கும் லீஜியனில், அதாவது ரோமானியப் படைப்பிரிவில், சுமார் 4,200 காலாட்கள். முதல் வரிசையில் ஹஸ்டாட்டி, 120 பேர் கொண்ட 10 அணிகள். இந்த அணிக்குத்தான் மேனிபிள் என்று பெயர். இரண்டாம் வரிசையில் பிரின்கிபெஸ், அதே எண்ணிக்கை. முன்வரிசையின் சந்துகளுக்கு நேர் பின்னால் நிற்பார்கள். மூன்றாவது ட்ரையாரி, வயதில் மூத்தவர்கள், அணிக்கு 60 பேர்தான். ஆகவே சந்துக்குள் நுழைகிறவனுக்கு எதிரே பிரின்கிபெஸ், இரண்டு பக்கமும் ஹஸ்டாட்டி. இன்னொன்று, அந்தச் சந்துகள் முதலில் தங்கள் ஆட்களுக்கான வழி. வெலிட்டெஸ் என்ற இளம் வீரர்கள் முன்னால் ஓடி எறியீட்டி வீசிவிட்டு அவற்றின் வழியாகத்தான் பின்வாங்குவார்கள். நேரடி மோதலின்போது சந்துகளை மூடிக்கொண்டார்களா, திறந்தே வைத்தார்களா என்று அறிஞர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். முழுக்கத் திறந்து வைத்திருக்க மாட்டார்கள் என்பது என் கட்சி.

அணிகளுக்கு நடுவே மட்டுமில்லை, ஆளுக்கு ஆளும் இடம் வேண்டும். கேடயத்தை நகர்த்தவும் வாளை வீசவும் ஒருவனுக்குக் கூடுதலாக 3 அடியாவது வேண்டும் என்கிறார் பொலிபியஸ். விளைவைப் பார்: நீண்ட ஈட்டிகளோடு நெருக்கியடித்து நிற்கும் மாசிடோனிய அணிவகுப்பான ஃபாலன்க்ஸின் முன்வரிசையில் இரண்டு பேருக்கு எதிரே ஒரே ரோமானியன், அவன் முகத்துக்கு நேரே 10 ஈட்டி முனைகள்! சமதரையில் நேருக்கு நேர் ஃபாலன்க்ஸை எதுவும் தாங்காது என்று அவரே ஒப்புக்கொள்கிறார். ஆனால் கி.மு. 197-இல் தெஸ்ஸாலியில் கினோஸ்கெஃபலே குன்றுகளில் நடந்தது வேறு. ரோமானியரின் வலப்பக்கம் ஜெயித்துக்கொண்டிருந்தது, இடப்பக்கம் நொறுங்கிக்கொண்டிருந்தது. வலப்பக்கத்தில் இருந்த ட்ரிப்யூன் என்ற படை அதிகாரி ஒருவர், மேலிடத்து உத்தரவுக்குக் காத்திராமல், 20 மேனிபிள்களைத் திருப்பிக்கொண்டு போய் மாசிடோனியர்களின் முதுகில் அடித்தார். நீண்ட ஈட்டியோடு நெருங்கி நிற்கிறவன் திரும்பவே முடியாது. அந்த ட்ரிப்யூனின் பெயரைக்கூட பொலிபியஸ் எழுதி வைக்கவில்லை. எனக்கு அது ஆற்றாமைதான்.

இதே ரோமானியர்கள் அதற்கு முன்பே, கி.மு. 216-இல் கன்னேயில், தங்கள் முறையைத் தாங்களே கெடுத்துக்கொண்டார்கள். ஆள் பலம் இருக்கிறது என்று மேனிபிள்களை வழக்கத்தைவிட நெருக்கி, அகலத்தைக் குறைத்து ஆழத்தைக் கூட்டினார்கள். கார்த்தேஜ் தளபதி ஹன்னிபால் மூன்று பக்கமும் சுற்றி வளைத்து, கடைசியில் குதிரைப்படையால் பின்பக்கத்தையும் அடைத்தபோது அந்தக் கூட்டத்துக்கு அசைய இடமில்லை. அந்தத் தோல்வியில் உயிர் பிழைத்தவர்களில் ஒருவரான சிபியோ, கி.மு. 202-இல் ஜாமாவில் அதே ஹன்னிபாலின் 80-க்கும் மேற்பட்ட யானைகளைச் சந்தித்தார். சதுரங்கக் கட்டத்தைக் கலைத்து மேனிபிள்களை ஒன்றன்பின் ஒன்றாக நேர்கோட்டில் நிறுத்தினார். படையின் ஊடே நீள நீளமாகத் தெருக்கள் விழுந்தன. தெருக்களின் முகப்பில் வெலிட்டெஸை நிறுத்தி மறைத்துவிட்டார். மிரண்ட யானைகளில் பல அந்தத் தெருக்களோடு ஓடி வெளியே போய்விட்டன.

நீ அணிவகுப்பு நடையைப் பற்றிக் கேட்கவில்லை, ஆனால் விஷயமே அங்கேதான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. யூதப் போரில் ரோமானியத் தளபதி வெஸ்பாசியனின் படை ஆறாறு பேராக நடந்தது என்கிறார் யூத வரலாற்றாசிரியர் ஜொசீஃபஸ். அந்தக் காலத்து லீஜியனின் சுமார் 4,800 பேர் ஆறாறாகப் போனால் 800 வரிசை. வரிசைக்கு ஒன்றரை மீட்டர் என்று வைத்தாலும் ஒரு லீஜியனே 1.2 கிலோமீட்டர். அதற்குப் பின்னால் கழுதைகள், கூடாரங்கள், மூட்டை முடிச்சு. கி.மு. 57-இல் சீசர் எட்டு லீஜியன்களோடு வடக்கு காலியாவில் (இன்றைய பெல்ஜியம் பக்கம்) நெர்வியர் என்ற பழங்குடியினரை நோக்கிப் போனார். ஒவ்வொரு லீஜியனுக்கும் பின்னால் அதனதன் மூட்டைகள் வரும் என்பதை நெர்வியர் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தார்கள். முதல் லீஜியனை அடித்தால் அடுத்தது வந்து சேர நேரமாகும் என்பது அவர்கள் திட்டம். நல்ல திட்டம்தான். ஆனால் எதிரியை நெருங்கியதும் சீசர் தம் வழக்கப்படி வரிசையை மாற்றிவிட்டார்: முன்னால் அனுபவமுள்ள ஆறு லீஜியன்கள், நடுவில் எல்லா மூட்டைகளும், கடைசியில் புதிதாகச் சேர்த்த இரண்டு லீஜியன்கள்.

அப்படியும் சாபிஸ் ஆற்றங்கரையில் மாட்டிக்கொண்டார். முகாம் தோண்டிக்கொண்டிருந்தபோது நெர்வியர் காட்டிலிருந்து பாய்ந்தார்கள். ரோமானியர்களில் யார் எந்தக் கொடியைக் கண்டார்களோ அதன் கீழ் நின்று சண்டை போட்டார்கள். பன்னிரண்டாம் லீஜியன் ஒரே இடத்தில் குவிந்து, நெரிசலில் ஒருவருக்கொருவர் இடைஞ்சலாகிவிட்டது. சீசர் பின்வரிசை வீரன் ஒருவனின் கேடயத்தைப் பிடுங்கிக்கொண்டு முன்னால் போய், செஞ்சூரியன்கள் என்ற அணித்தலைவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு இட்ட உத்தரவு என்ன தெரியுமா? முன்னேறுங்கள், மேனிபிள்களை விரியுங்கள், வாள் வீச இடம் வேண்டும். நம்ம என்.சி.சி. ஹவில்தார் மைதானத்தில் கத்துவாரே, ‘குலி லைன் சல்’ (வரிசையை விரி) என்று, கிட்டத்தட்ட அதுதான்! அதற்குள் மூட்டைகளுக்குப் பின்னால் வந்த இரண்டு புது லீஜியன்களும் குன்றின்மேல் தலைகாட்டின. ஆற்றைக் கடந்து எதிரி முகாமைப் பிடித்திருந்த சீசரின் துணைத்தளபதி லபியேனஸ் பத்தாம் லீஜியனைத் திருப்பி அனுப்பினார். சண்டை திசை மாறியது.

கி.பி. 9-இல் ரோமானிய ஆளுநர் வாருஸ் தம் மூன்று லீஜியன்களையும் வண்டிகள், பெண்கள், குழந்தைகளோடு கலந்து ஜெர்மானியக் காட்டு வழியில் நீளவிட்டதையும் இதோடு வைத்துப் பார். ஜெர்மானியர் தாக்கியபோது அங்கே அணி வகுக்கவே வாய்ப்பில்லை. மூன்றும் அழிந்தன.

உன் புத்தகத்தில் சீசர் பாம்பேயை முறியடித்த ஃபர்சலஸ் போர் வந்துவிட்டதா? அங்கே சீசர் மூன்றாம் வரிசையிலிருந்து ஆட்களை எடுத்து நான்காவதாக ஒரு வரிசையை ஒளித்து வைத்தது தனிக்கதை. படித்துவிட்டு எழுது, சண்டை போடலாம். தீபாவளிக்கு முன்னால் ஒரு நடை அங்கே வரப் பார்க்கிறேன். வரும்போது அண்ணிக்கு என்ன வாங்கி வர வேண்டும் என்று கேட்டு எழுது.

அன்புடன்,
கணேசன்