குறையாத விலையும் குறைந்த பட்டியலும்

ஆசிரியர் அவர்களுக்கு,

சாம்பல்தீவு, நிலாவெளிப் பக்கம் வீடு வீடாக மீன் விற்கிறவன் நான். என்னிடம் அரைக்கிலோ சூரை வாங்கும் அம்மாமார்கூடச் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் காசு எடுப்பதில்லை. அதே வீட்டு ஆட்கள் ஏழு லட்சத்துக்கு மேல் கொடுத்து மோட்டார் சைக்கிள் எடுக்கப் போனால், நீட்டிய இடத்தில் ஒப்பம் வைத்துவிட்டு வருகிறார்கள்.

2020 இல் வாகன இறக்குமதி நின்ற பிறகு பழைய பைக்குக்கே கண்டபடி விலை சொன்னார்கள். வாய் திறக்க முடியாத காலம் அது. 2025 இல் இறக்குமதி திறந்தாயிற்று. இன்னும் ஏன் அந்தப் பயம்?

போன மாதம் நகரில் ஒரு ஷோரூமில் 125 சிசி பைக் ஒன்று பார்த்தேன். "அண்ணே, இது கம்பனி விலை, ஒரு ரூபாயும் குறைக்க ஏலாது" என்றார் அங்கிருந்த தம்பி. உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அந்த விலைக்குக் கீழே பதிவுச் செலவு, ஆவணக் கட்டணம், முழுக் காப்புறுதி, கிராஷ் பார், சீட் கவர் என்று பட்டியல் இறங்கிக்கொண்டே போனது. பதிவுக்கு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் கட்டுவது எவ்வளவு, நீங்கள் எடுப்பது எவ்வளவு, பிரித்து எழுதித் தாருங்கள் என்றேன். தம்பி உள்ளே போய் மனேஜரைக் கூட்டி வந்தார். பேனையால் ஒரு கோடு, ஆவணக் கட்டணம் போயிற்று. சீட் கவர் இலவசமாயிற்று. முழுக் காசும் கட்டி எடுப்பவனிடம் சட்டம் கேட்பது மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டுமே, அதாவது விபத்தில் மற்றவருக்கு ஆகும் பாதிப்புக்கானது. முழுக் காப்புறுதி நல்லதுதான், ஆனால் எந்தக் கம்பனியில் போடுவது என்பதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றதும் அந்த வரியும் வெட்டுப்பட்டது. 'குறைக்க ஏலாத' விலை அப்படியே இருக்க, நான் கட்ட வேண்டிய தொகை மட்டும் இறங்கியது.

சீட்டுக் காசு கையில் இருக்கிறது என்று சொன்னதில் அவர்களுக்கு அவ்வளவு சந்தோசமில்லை. லீசிங்கில், அதாவது தவணைக் கடனில் போடுங்கள், முற்பணம் இரண்டு லட்சம், மாதம் 19,500, நான்கே வருடம் என்றார்கள். மேசையில் கிடந்த கல்குலேட்டரை எடுத்து 48 ஆல் பெருக்கிக் காட்டினேன்: 936,000. முற்பணத்தையும் சேர்த்தால் பதினொரு லட்சம் தாண்டுகிறது. மாதத் தவணையைச் சொல்கிறவர்கள் இந்தத் தொகையை வாயால் சொல்வதில்லை. ஒப்பந்தமோ ஆங்கிலத்தில், பொடி எழுத்தில்.

2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டப்படி விலையைக் காட்சிக்கு வைக்க வேண்டும், கேட்டால் பற்றுச்சீட்டுத் தர வேண்டும். அரிசி விலையும் தண்ணீர்ப் போத்தல் விலையும் பார்க்க வரும் அதிகாரிகள் ஷோரூம் பக்கமும் ஒருக்கால் எட்டிப் பார்க்கட்டும். வண்டி வீதியில் இறங்கும்வரை ஆகும் முழுத் தொகையையும், லீசிங் என்றால் கடைசித் தவணைவரை கட்டும் மொத்தத்தையும் தமிழில் எழுதி ஒட்ட வைக்கட்டும். அதுவரை வாங்கப் போகிறவர்கள் இரண்டு இடத்து விலையை எழுத்தில் வாங்கிக்கொண்டு பேசுங்கள். மாதக் கடைசியில் போனால் இன்னும் நல்லது, விற்பனைக் கணக்கு முடிக்கும் அவசரம் அவர்களுக்கு இருக்கும். எழுதித் தர மறுத்தால் முறைப்பாட்டுக்கு அந்த அதிகாரசபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கம் இருக்கிறது.

இப்படிக்கு,
மீன் வியாபாரி ஒருவர்,
சாம்பல்தீவு, திருகோணமலை.